ஏழு தண்ணி

ராயபுரத்திலேருந்து எண்ணூர் வரைக்கும் எந்தத் தெருவுக்குள்ளே நுழைஞ்சாலும் சரி, ஒரு உடைஞ்ச பக்கெட்டோ, பழைய பெயிண்ட் டப்பாவோ, ஓரம் போன சிமெண்ட் தொட்டியோ கண்ணிலே படும். அதிலே ஒரு சோற்றுக்கற்றாழை நின்னுக்கிட்டிருக்கும். பெரும்பாலும் யாரும் காசு கொடுத்து வாங்கினதா இருக்காது. பக்கத்து வீட்டிலே கேட்டு வாங்கி வச்ச கன்னு. அந்தப் பக்கத்து வீட்டுக்கு அது அவங்க நாத்தனார் வீட்டிலேருந்து வந்திருக்கும். தண்ணி ஊத்தினாலும் மறந்தாலும் அது பாட்டுக்கு நிக்கும்.

இவ்வளவு சாதாரணமான செடிக்கு வரலாறு என்னய்யா பெரிய வரலாறுன்னு நீங்க கேக்கலாம். நானும் அப்படி நினைச்சுத்தான் ஆரம்பிச்சேன். கிளறக் கிளற ஒரு வேடிக்கை பிடிபட்டது. இந்தச் செடியைப் பத்தி எழுதி வச்சிருக்கிற ரெண்டாயிரம் வருஷ வரலாறுலே முக்கால்வாசி, நம்ம வீடுகள்லே வேண்டாம்னு வடிச்சுக் கீழே விடற சமாச்சாரத்தைப் பத்தினது. நாம பத்திரமா எடுத்து வச்சுக்கிற சமாச்சாரத்துக்கு எழுத்துலே இடம் கொஞ்சம்தான். அது வாய் வார்த்தையாவே வந்திருக்கு. அந்த வாய் வார்த்தை இப்போ காணாமப் போற நிலைமையிலே இருக்குங்கறதாலேதான் இந்தப் பதிவு.

ஒரு மடல், ரெண்டு மருந்து

கற்றாழை மடலைக் குறுக்கே வெட்டிப் பாருங்க. பச்சைத் தோலுக்கு ஒட்டினாப்பலே உள்பக்கம் மெல்லிய குழாய்கள் இருக்கு. வெட்டினதும் அதிலேருந்து மஞ்சளா ஒரு பால் வடியும். நாக்கிலே வச்சா அப்படி ஒரு கசப்பு. வாடையும் ஒரு மாதிரி. அதுக்கும் உள்ளே கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருக்கே, அதுதான் சோறு. அதிலே நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு பங்குக்கு மேலே வெறும் தண்ணி. மிச்சம் இருக்கிற துளியிலேதான் வழுவழுப்பைத் தர்ற மாவுச்சத்து ரகச் சங்கதிகளெல்லாம் இருக்கு.

ஒரே மடல்தான். ஆனா ரெண்டும் ரெண்டு மருந்து. மஞ்சள் பாலோட வேலை பேதி. அதுக்குள்ளே இருக்கிற கசப்புச் சரக்கை 1851-லே எடின்பரோவிலே இருந்த ஸ்மித் சகோதரர்கள் தனியாப் பிரிச்சு எடுத்து 'அலோயின்'னு பேர் வச்சாங்க. வெள்ளைச் சோத்தோட வேலை குளிர்ச்சி: தோலுக்கு, தலைக்கு, நல்லாக் கழுவினா வயித்துக்கும்.

முக்கியமான வித்தியாசம் இன்னொண்ணு இருக்கு. மஞ்சள் பாலைக் காய்ச்சினா இறுகிக் கறுப்புக் கட்டியா ஆகும். அந்தக் கட்டி வருஷக்கணக்கா கெடாது, மூட்டை கட்டலாம், கப்பல்லே ஏத்தலாம். வெள்ளைச் சோறோ ஒரு நாள் வெளியிலே கிடந்தாலே நீர்த்துப் போய் நாத்தம் எடுக்கும். எது ஊரைத் தாண்டும், எது அடுப்படியிலேயே நிக்கும்னு அங்கேயே முடிவாயிடுச்சு இல்லீங்களா?

மஞ்சள் கப்பலேறின கதை

கற்றாழையோட சொந்த ஊர் எதுன்னு ரொம்ப நாளா இழுபறி. எங்கே பார்த்தாலும் வளருது, ஆனா எங்கே தானா முளைச்சதுன்னு தெரியலே. 2015-லே வந்த மரபணு ஆராய்ச்சி ஒண்ணு அரேபியத் தீபகற்பத்தைக் கை காட்டிச்சு. வரலாறும் அதுக்கு ஒத்துப் போகுது. கி.பி. முதல் நூற்றாண்டிலே எழுதின 'பெரிப்ளூஸ்'ங்கற கடல்வழிக் கையேட்டிலே, இன்னைக்கு ஏமன்லே இருக்கிற கானே துறைமுகத்திலேருந்து ஏத்துமதி ஆகிற சரக்குகள்லே சாம்பிராணியோட இந்தப் போளமும் இருக்கு. (நம்ம முசிறி, காவிரிப்பூம்பட்டினத்தைப் பத்தியெல்லாம் சொல்ற அதே கையேடுதான்.)

அதே நூற்றாண்டிலே கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடிஸ், இந்தச் சரக்கு இந்தியாவிலே நிறைய விளையுது, அங்கேருந்து வருதுன்னு எழுதறார். பேதிக்குக் கொடுக்கறதைச் சொல்றார், புண்ணுக்குப் போடறதைச் சொல்றார். முடி கொட்டாம இருக்க மதுவிலே குழைச்சுத் தடவச் சொல்றார். நம்மாளுங்க தேங்காயெண்ணெய்லே காய்ச்சறாங்க, அவங்க மதுவிலே குழைச்சிருக்காங்க, அவ்ளோதான் வித்தியாசம் :-) பிசினைக் கலந்து ஏமாத்தறாங்க, பார்த்து வாங்குங்கன்னு எச்சரிக்கையும் பண்றார். கலப்படத்துக்கு வயசு ரெண்டாயிரம்.

அப்புறம் அரபு வியாபாரிகள் கை ஓங்குது. ஏமனுக்குத் தெக்கே இருக்கிற சோகோத்ரா தீவுப் போளத்துக்குத்தான் சந்தையிலே மவுசு. அது நம்ம வீட்டுச் செடியில்லே, அதோட ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி ஒரு ஜாதி. இந்தச் செடிக்காகவே அலெக்சாண்டர் அந்தத் தீவைப் பிடிக்க ஆள் அனுப்பினார்னு அரபுப் பயணிகள் ஒரு கதை சொல்லுவாங்க. கதையோ நிஜமோ, ஒரு கசப்புப் பாலுக்காகத் தீவைப் பிடிக்கலாம்னு நம்பற அளவுக்கு விலை இருந்திருக்குன்னு தெரியுது. அரபியிலே கற்றாழைக்கும் பொறுமைக்கும் வேர்ச்சொல் ஒண்ணுதான். அந்தக் கசப்பை முழுங்கினவங்களுக்குக் காரணம் புரியும்.

அந்த அரபு வேர்லேருந்து வந்த 'முஸப்பர்'தான் நம்ம வாயிலே 'மூசாம்பரம்' ஆச்சு. சென்னைக்காரங்க பாரிமுனை தாண்டி ராசப்ப செட்டி தெருவுக்குப் போயிருப்பீங்க. அங்கே நாட்டு மருந்துக் கடையிலே மூசாம்பரம்னு கேட்டா, கறுப்பா மினுமினுன்னு ஒரு கட்டியை எடுத்து நிறுத்துக் கொடுப்பாங்க. சுளுக்கு, அடிபட்ட வீக்கத்துக்கு வெந்நீர்லே குழைச்சுப் பத்துப் போடறது. கால்பந்து ஆடி முட்டியைப் பேத்துக்கிட்டு வந்த நம்ம ஏரியாப் பசங்க முக்காவாசிப் பேருக்கு அந்தக் கறுப்புப் பத்து தெரிஞ்சிருக்கும். ஆனா அது மாடியிலே நிக்கிற அதே இனத்துச் செடியோட பால்னு சொன்னா நிறையப் பேர் நம்ப மாட்டாங்க. சித்த மருத்துவத்திலே இதுக்குக் கரியபோளம்னும் பேர். பழைய தமிழ் பைபிள்லே யோவான் சுவிசேஷம் 19-ஆம் அதிகாரத்திலே, இயேசுவை அடக்கம் பண்ண நிக்கொதேமு கொண்டு வர்ற வாசனைச் சரக்குலே 'கரியபோளம்'னு வருதே, அதே சொல்தான். (கிரேக்க மூலத்திலே இருக்கிற சொல் அகிற்கட்டைக்கும் பொருந்தும்கறதாலே அது எதுன்னு அறிஞர்கள் இன்னமும் வாதாடறாங்க. நமக்கு வேண்டியது தமிழ்ச் சொல்.)

பதினேழாம் நூற்றாண்டிலே கதை அட்லாண்டிக் பக்கம் தாவுது. இங்கிலீஷ்காரன் பிடிச்ச பார்படாஸ் தீவிலே கற்றாழையைத் தோட்டம் தோட்டமாப் போட்டாங்க. மடலை வெட்டி, சாய்வா வச்ச மரத் தொட்டியிலே வெட்டுவாய் கீழே பார்க்க அடுக்கிடுவாங்க. பிழிய மாட்டாங்க. தானா வடியற பாலை மட்டும் பிடிச்சுச் செப்புக் கொப்பரையிலே காய்ச்சி, சுரைக்குடுக்கையிலே ஊத்தி லண்டனுக்கு அனுப்புவாங்க. சோறு இருக்கிற மிச்ச மடலைத் தூக்கி எறிஞ்சுடுவாங்க. அதாவது, நம்ம வீட்டிலே பண்றதுக்கு நேர் தலைகீழ்!

இன்னைக்குச் சோப்பு டப்பா, ஷாம்பு பாட்டில் பின்னாடி பொடி எழுத்துலே 'அலோ பார்படென்சிஸ்'னு போட்டிருப்பான், பாருங்க. அந்தத் தீவுப் பேர்தான். இதுலேயும் ஒரு கூத்து உண்டு. 1768 ஏப்ரல் மாசம் நிக்கோலஸ் பர்மன்ங்கற டச்சுக்காரர் இந்தியத் தாவரங்களைப் பத்தின தன்னோட புத்தகத்திலே 'அலோ வெரா'ன்னு பேர் வச்சார். பத்தே நாள் கழிச்சு லண்டன் செல்சி தோட்டத்து பிலிப் மில்லர் 'அலோ பார்படென்சிஸ்'னு வச்சார். முதல்லே அச்சேறின பேருக்குத்தான் மரியாதைங்கறது தாவரவியல் சட்டம். அதனாலே பத்து நாள் வித்தியாசத்திலே வெரா ஜெயிச்சுது. வியாபாரிங்க மட்டும் பழைய பழக்கத்தை விடலே.

நம்ம மணல்லே ஒரு சாட்சி

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் மஞ்சளோட கதை. வெள்ளைச் சோத்துக்கு எழுத்துலே சாட்சியே இல்லையான்னு தேடினப்போ, நம்ம கடற்கரையிலேயே ஒண்ணு மாட்டிச்சு.

யோஹான் கெர்ஹார்ட் கோனிக்னு ஒருத்தர். லின்னேயஸோட மாணவர். 1768-லே தரங்கம்பாடிக்கு மிஷன் மருத்துவரா வந்தவர், அப்புறம் ஆற்காட்டு நவாபுக்குத் தாவரங்களைச் சேகரிச்சார், பின்னாடி மதராஸிலே கம்பெனி வேலைக்கும் போனார். 1785-லே இந்த மண்ணிலேயே செத்தும் போனார். நம்ம கரையோர மணல்லே குட்டையா வளர்ற கற்றாழையைப் பார்த்து அதுக்கு 'லிட்டோராலிஸ்'னு பேர் வச்சார். கடற்கரைக்காரன்னு அர்த்தம். பின்னாடி வந்தவங்க அது தனி ஜாதியில்லே, உப்பு மணல்லே குறுகிப் போன அதே சோற்றுக்கற்றாழைதான்னு முடிவு கட்டினாங்க. பேர் தள்ளுபடி ஆனாலும், நம்ம கடலோரத்து மணலுக்கு இந்தச் செடி புதுசில்லைங்கறதுக்கு அது சாட்சி.

அடுத்தவர் ஒயிட்லா ஐன்ஸ்லி. 1788-லேருந்து 1815 வரைக்கும் கம்பெனியிலே டாக்டர். நம்ம ஊர் வைத்தியர்கள் என்ன சரக்கு வச்சிருக்காங்க, அதுக்குத் தமிழ்லே என்ன பேர்னு ஒண்ணு விடாம விசாரிச்சு எழுதினவர். அவரோட மருந்துச் சரக்குப் புத்தகம் 1813-லே மதராஸ் அரசு அச்சகத்திலேயே அச்சாச்சு. அதை விரிச்சு 1826-லே 'மெட்டீரியா இண்டிகா'ன்னு லண்டன்லே ரெண்டு தொகுதியாப் போட்டார். அதிலே கடலோர மணல்லே வளர்ற சிறு கற்றாழையைப் பத்திச் சொல்றார். சோத்தை எடுத்துக் குளிர்ந்த தண்ணியிலே நல்லாக் கழுவி, கொஞ்சம் கற்கண்டு சேர்த்துக் குளிர்ச்சிக்குக் கொடுக்கறாங்க, அதே சோத்தோட பொரிச்ச படிகாரம் சேர்த்துக் கண் எரிச்சலுக்கு வைக்கறாங்க. இதுதான் அவர் குறிச்சு வச்சிருக்கிறதோட சாரம்.

'நல்லாக் கழுவி'. இந்த ரெண்டு வார்த்தையிலேதான் நான் நின்னுட்டேன்.

ஏன்னா எங்க ஆயா கற்றாழை உரிக்கும்போது பக்கத்திலே உக்காந்து பார்த்திருக்கேன். மடலை வெட்டினதும் சொம்புலே நிமிர்த்தி வச்சுட்டு வேற வேலை பார்க்கப் போயிடும். மஞ்சா இறங்கினப்புறம்தான் தோலைச் சீவும். சோத்தைத் துண்டு போட்டு ஏழு தடவை தண்ணி மாத்தும். அஞ்சாவது தண்ணியே தெளிவா இருக்கே ஆயான்னு கேட்டா, "இன்னாடா அவுசரம் உனுக்கு? ஏழு தண்ணி மாத்தணும். மஞ்சா நின்னுச்சுன்னா வவுறு புட்டுக்கும்"னு சொல்லும். ஐன்ஸ்லியையும் தெரியாது, அலோயினும் தெரியாது. ஆனா ஐன்ஸ்லி எழுதினது எங்க ஆயா மாதிரி ஒரு கிழவி சொன்னதைக் கேட்ட ஏதோ ஒரு வைத்தியர் கிட்டேருந்துதான் வந்திருக்கணும்னு எனக்கு ஒரு எண்ணம்.

கண் வைத்தியமும் இங்கே சும்மா நிக்கலே. 1948-லே எண்ணூர்லே அசோக் லேலண்ட், 1955 வாக்கிலே திருவொற்றியூர்லே என்ஃபீல்டுன்னு தொழிற்சாலைங்க வந்தப்புறம், பக்கத்திலே பட்டறைகளும் முளைச்சுது. வெல்டிங் வெளிச்சம் பட்டு ராத்திரி கண்ணுலே மணல் கொட்டினாப்பலே உறுத்தும். கழுவின கற்றாழைச் சோத்தை மூடின கண்ணு மேலே வச்சுத் துணி கட்டிக்கிட்டுப் படுத்தவங்களை எங்க தெருவிலேயே பார்த்திருக்கேன். (இப்போ அதெல்லாம் வேணாம். கண்ணாடி போட்டுக்கிட்டு வெல்டிங் பண்ணுங்க, உறுத்தினா கண் டாக்டர் கிட்டே போங்க.)

ரயிலடிக் கத்தாழை வேற

நடுவிலே ஒரு பேர்க்குழப்பத்தைத் தீர்த்துட்டுப் போயிடுவோம். 1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் ராயபுரம் ஸ்டேஷன்லேருந்து வாலாஜா ரோடுக்குக் கிளம்பிச்சுன்னு நமக்கெல்லாம் தெரியும் (பெருமையடிக்கக் கிடைச்ச சான்ஸை விடுவோமா). தண்டவாள ஓரங்கள்லே மாடு கன்னு ஏறாம இருக்க வேலியா நட்ட முள்ளுச் செடிக்கும் நம்ம சனங்க வச்ச பேர் 'ரயில் கற்றாழை'. ஆனைக் கற்றாழைன்னும் சொல்லுவாங்க. அது அமெரிக்காக் கண்டத்துச் செடி, வெள்ளைக்காரன் வந்தப்புறம் வந்தது. இங்கிலீஷ்காரனும் அதை 'அமெரிக்கன் அலோ'ன்னே கூப்பிட்டான். அதனாலே பழைய ரிக்கார்டுகள்லே 'அலோ நார்'னு இருந்தா அது கயிறு திரிக்கிற அந்த ஆனைக் கற்றாழைதான், நம்ம வீட்டுச் செடியில்லே.

இது வெறும் பேர்ச் சண்டை இல்லீங்க. ரயில் கற்றாழைச் சாறு தோல்லே பட்டா ஊசி குத்தினாப்பலே அரிக்கும், தடிக்கும். எப்படிக் கண்டுபிடிக்கறது?

1. ரயில் கற்றாழை மடல் நுனியிலே கோணி ஊசி மாதிரி கறுப்பா ஒரு முள் இருக்கும். நம்மளுது நுனி மெத்துன்னு இருக்கும்.
2. அதை ஒடிச்சா நார் நாரா இழுத்துக்கிட்டு வரும். நம்மளுது வெள்ளரிக்காய் மாதிரி நறுக்குன்னு வெட்டுப்படும்.
3. அது பல வருஷம் கழிச்சு ஒரே ஒரு தடவை கம்பம் மாதிரி பூத்தண்டு விட்டுட்டுச் செத்துப் போகும். நம்மளுது நல்லா வளர்ந்துட்டா வருஷா வருஷம் மஞ்சள் பூ விடும்.

வெள்ளையும் கப்பலேறிச்சு

ரெண்டாயிரம் வருஷமா வீட்டைத் தாண்டாத வெள்ளைச் சோறு போன நூற்றாண்டிலேதான் வெளியே வந்தது. 1935-லே அமெரிக்காவிலே காலின்ஸ்னு அப்பா, பிள்ளை ரெண்டு டாக்டர்கள், எக்ஸ்ரே பட்டு வெந்து போன தோலுக்குப் புது மடலை வச்சுக் குணமானதை எழுதினாங்க. அதுலேருந்து அங்கே ஆர்வம் கிளம்பிச்சு. ஆனா புது மடல் வேணுமே, கடையிலே எப்படி விக்கறது? 1970-கள்லே சோத்தைக் கெடாம பதப்படுத்துற வழி டெக்சாஸ் பக்கம் தொழிலா மாறிச்சு. அதோட கிரீம், ஷாம்பு, சோப்பு, கடைசியா குடிக்கற பாட்டில். கற்றாழை வச்சிருக்கிற வீட்டுக்காரங்களே கடையிலே போய்க் கற்றாழை பாட்டில் வாங்கற காலமும் வந்தாச்சு.

இங்கேதான் சிக்கல். சோறு கப்பலேறிச்சு, கூடவே போக வேண்டிய 'ஏழு தண்ணி' ஏறலே. பல கம்பெனிங்க தோலோட சேர்த்து முழு மடலையும் அரைச்சு எடுத்தாங்க. மஞ்சளும் உள்ளேயே நின்னுச்சு.

2002-லே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, டாக்டர் சீட்டு இல்லாம விக்கற பேதி மருந்துகள்லேருந்து கற்றாழைப் பாலை எடுத்துடுச்சு. பாதுகாப்பானதுன்னு காட்டற ஆதாரத்தைக் கம்பெனிங்க கொடுக்கலேங்கறது காரணம். 2013-லே அங்கேயே அரசாங்க ஆராய்ச்சி ஒண்ணு வெளியாச்சு. மஞ்சள் நீக்காத முழு மடல் சாத்தை ரெண்டு வருஷம் தண்ணியிலே கலந்து குடிச்ச எலிகளுக்குப் பெருங்குடல்லே கட்டிங்க வந்திருந்தது. உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2016-லே வெளியிட்ட தொகுதியிலே, முழு மடல் சாத்தை 'மனுஷனுக்குப் புற்றுநோய் தரக்கூடும்'ங்கற பட்டியல்லே சேர்த்துச்சு. எலிக்கு வந்தது மனுஷனுக்கு வந்தே தீரும்னு இதுக்கு அர்த்தமில்லே. மஞ்சள் நீக்கின சோறு வேற, நீக்காத சாறு வேறங்கறதுதான் விஷயம். தரம் பார்க்கிற கம்பெனிங்க கரி வடிகட்டி வச்சு மஞ்சளை எடுத்து, பத்து லட்சம் பங்குலே பத்து பங்குக்குள்ளே அலோயினைக் கொண்டு வர்றாங்க. கரி வடிகட்டி பண்றதைத்தான் எங்க ஆயா சொம்பும் ஏழு தண்ணியும் வச்சு, அளவுக்கருவி இல்லாம, பண்ணிக்கிட்டிருந்தது.

இப்போ காலங்காத்தாலே பார்க் வாசல்லே, பீச் ஓரத்திலே அருகம்புல் சாறு, வாழைத்தண்டு சாறோட கற்றாழைச் சாறும் விக்கறாங்க. நல்லாக் கழுவிப் பண்றவங்களும் இருக்காங்க. ஆனா அவசரத்திலே மடலை அப்படியே மிக்ஸியிலே போட்டு அடிக்கறதையும் நான் பார்த்திருக்கேன். வீட்டிலேயும் புதுப் பிள்ளைங்க வீடியோவைப் பார்த்துட்டுத் தோலோட அரைக்கறாங்க. குடிச்சுட்டு வயித்தைக் கலக்கினா, "உடம்புலே இருக்கிற நச்செல்லாம் வெளியேறுது"ன்னு சந்தோஷம் வேற! வெளியேறலே சாமி, உள்ளே போனதுதான் அது.

எப்படிச் செய்யணும்?

மறந்து போகக் கூடாதுன்னு ஆயா முறையை வரிசையா எழுதி வைக்கறேன்.

- செடியோட அடிப்பக்கத்து முத்தின மடலை மட்டும் வெட்டணும். நடுக்குருத்தைத் தொடக் கூடாது.
- வெட்டின பக்கம் கீழே இருக்கும்படி ஒரு பாத்திரத்திலே நிமிர்த்திக் கால் மணி நேரமாவது வைக்கணும்.
- ரெண்டு ஓர முள்ளையும் சீவிட்டுத் தோலைக் கொஞ்சம் தடிமனாவே எடுக்கணும். மஞ்சள் இருக்கிறது தோலை ஒட்டித்தான். கஞ்சத்தனம் பார்த்து ஒட்டச் சீவினா மஞ்சளும் கூடவே வரும்.
- சோத்தைத் துண்டு போட்டு ஏழு தண்ணி. கடைசித் துண்டைக் கடிச்சுப் பாருங்க. கசந்தா இன்னும் ரெண்டு தண்ணி.
- மோர், உப்பு, கொஞ்சம் இஞ்சி போட்டு அடிச்சா வெயிலுக்கு நல்லா இருக்கும். ஐன்ஸ்லி காலத்துப்படி வேணும்னா கற்கண்டு.
- தலைக்குன்னா, மடலை நீளவாக்கிலே பிளந்து உள்ளே வெந்தயத்தைத் தூவி, மூடி நூலாலே கட்டி ஒரு ராத்திரி வைக்கணும். காலையிலே ஊறின வெந்தயத்தோட சோத்தை வழிச்சு அரைச்சுத் தேய்ச்சுக் குளிக்கலாம்.
- சோத்து மேலே படிகாரத்தூள் தூவினா கொஞ்ச நேரத்திலே நீர் பிரிஞ்சு வடியும். அதைத் தேங்காயெண்ணெயோட காய்ச்சித் தலைக்கு வச்சுக்கறது இன்னொரு முறை.
- அடுப்புலே லேசா சுட்டுக்கிட்டா முதல்லே குழாய்த் தண்ணியிலே இருபது நிமிஷம் காட்டுங்க. அப்புறம் கழுவின சோறு. கொப்புளம் உடைஞ்சது, ஆழமான காயம், ஆபரேஷன் தையல் இதுக்கெல்லாம் வேண்டாம். ஆபரேஷன் காயம் ஆறறதுக்குக் கற்றாழை போட்டவங்களுக்கு இன்னும் தாமதம் ஆச்சுன்னு 1991-லே ஒரு ஆய்வே வந்திருக்கு.

வளர்க்கறதைப் பத்தி ரெண்டு வார்த்தை. நம்ம ஏரியா உப்புக்காத்து இதை ஒண்ணும் பண்ணாது, கோனிக் சொன்ன கடற்கரைக்காரன்தானே. இதைக் கொல்றது தண்ணிதான். பாதிக்குப் பாதி மணல், அடியிலே ஓட்டை இருக்கிற தொட்டி, மேல் மண் நல்லாக் காய்ஞ்சப்புறம் மட்டும் தண்ணி. அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் மழைக்கு சன்ஷேடு கீழே நகர்த்திடுங்க, இல்லேன்னா அடியழுகல் வரும். பக்கக் கன்னை வேரோட பிரிச்சு, ரெண்டு நாள் நிழல்லே காயவச்சு நட்டாப் போதும்.

இலையிலே படியற தூசி வேற விஷயம். ராயபுரம் பக்கம் மாடியிலே கற்றாழை மடலை விரலாலே தடவினா கறுப்பா ஒட்டின காலம் உண்டு. துறைமுகத்து நிலக்கரி. உயர் நீதிமன்றம் சொன்னதுக்கப்புறம் 2011 அக்டோபரோட சென்னைத் துறைமுகத்திலே நிலக்கரி இறக்கறது நின்னுச்சு. அந்தச் சரக்கு எண்ணூருக்குப் போச்சு. இப்போ எண்ணூர்க்காரங்க மடலைத் தடவிப் பார்க்கிறாங்க. ஈரத் துணியாலே துடைச்சுட்டு வெட்டுங்கன்னு சொல்றதைத் தவிர இந்தச் செடி விஷயத்திலே வேறென்ன சொல்ல! கற்றாழை காத்தைச் சுத்தம் பண்ணுதுன்னு வாட்ஸப்புலே வர்றதை நம்பி ஜன்னலோரம் நாலு தொட்டி வச்சுட்டா எண்ணூர்க் காத்து சரியாயிடாது. அதுக்குச் செடி பொறுப்பில்லே.

நிலைவாசல்லே தலைகீழாத் தொங்க விடறாங்களே, அதையும் சொல்லிடறேன். திருஷ்டிக்குன்னு கட்டறது. மண்ணும் இல்லாம தண்ணியும் இல்லாம மாசக்கணக்கா பச்சையா இருக்கிறதுக்குக் காரணம் இருக்கு. மத்த செடிங்க பகல்லே இலைத்துளையைத் திறந்து மூச்சு விடும், இது ராத்திரியிலே மட்டும் திறக்கும். பகல் வெயில்லே ஒரு சொட்டுத் தண்ணியை வெளியே விடாது. கஷ்டகாலத்திலே செலவைச் சுருக்கித் தாக்குப் பிடிக்கிற குடும்பம் மாதிரி. வடசென்னை வாசலுக்குப் பொருத்தமான செடிதான், இல்லையா?

இன்னொண்ணு. இந்தச் செடி விதை போட்டு முளைக்கறது ரொம்ப அபூர்வம். கன்னு பிரிச்சு நடறதுதான் வழக்கம். கன்னுங்கறது புதுப் பிறவி கிடையாது, தாய்ச்செடியோட ஒரு துண்டு. அப்படிப் பார்த்தா, உங்க மாடியிலே நிக்கிற கற்றாழை எத்தனையோ தலைமுறையா ஒரு வீட்டிலேருந்து இன்னொரு வீட்டுக்கு, ஒருத்தி கையிலேருந்து இன்னொருத்தி கைக்கு மாறி வந்த ஒரே உடம்போட மிச்சம். மஞ்சள் போன வழிக்குக் கப்பல் கணக்கும் புத்தகமும் இருக்கு. வெள்ளை வந்த வழிக்கு இருக்கிற ஒரே ஆவணம் அந்தச் செடியும், கூடவே கொடுத்தவங்க சொன்ன ரெண்டு வார்த்தையும்தான்.

அதனாலே அடுத்த தடவை யாராவது கேட்டு வந்தா கன்னை மட்டும் கொடுத்து அனுப்பாதீங்க. ஏழு தண்ணின்னு சொல்லிக் கொடுத்து அனுப்புங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லே. கர்ப்பமா இருக்கிறவங்க, பால் கொடுக்கிறவங்க, சின்னப் பிள்ளைங்க, சர்க்கரைக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடறவங்க, சிறுநீரகக் கோளாறு உள்ளவங்க - இவங்கெல்லாம் டாக்டரைக் கேக்காம கற்றாழையை உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம். மத்தவங்களும் தினமும் விரதம் மாதிரி குடிக்க வேண்டியதில்லே. உங்க ஊர்லே எத்தனை தண்ணி மாத்துவாங்கன்னு சொல்லிட்டுப் போங்க. தெரிஞ்சுக்க ஆசை.